குரோம் பம்பர் மட்டும் பூட்டினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி ஒரு முழுப்பக்கம் வந்ததே, அதன் நடுவில் பெரிதாகப் போட்டிருந்த சிவப்பு எம்ஜிபி காரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அரசியலுக்கும் கிரிக்கெட்டுக்கும் நடுவில் இந்த விஷயத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியதே பெரிய காரியம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்தபடியே மீட்டெடுக்கப்பட்டிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது சரியில்லை. படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. முன்னால் பளபளவென்று குரோம் பம்பர் இருக்கிறது, ஆனால் கார் நிற்கிற உயரம் றப்பர் பம்பர் காரின் உயரம். முன் சில்லுக்கும் மட்காட்டுக்கும் நடுவே கையைத் தாராளமாக விடலாம்.

விஷயம் தெரியாதவர்களுக்காக முன்கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் செய்யப்பட்ட கார், 5 இலட்சத்துக்கு மேல் வெளிவந்தது. முதல் பன்னிரண்டு வருடம் மெல்லிய குரோம் பம்பர். அப்புறம் அமெரிக்காவில் மணிக்கு 5 மைல் வேகத்தில் இடித்தாலும் விளக்குகள் உடையக்கூடாது, பம்பரும் விளக்கும் இன்ன உயரத்தில் இருக்கவேண்டும் என்றெல்லாம் சட்டம் வந்தது. விற்பனையில் பெரும்பங்கு அங்கேதான் என்பதால் 1974 இன் கடைசியில் எல்லா எம்ஜிபிக்கும் கறுப்பு றப்பர் பம்பரைப் பூட்டி, முன்பக்கத்தைப் புதிதாக வடிவமைக்கக் காசில்லாமல் சஸ்பென்ஷனை ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் தூக்கி விட்டார்கள். கார் வளைவில் சரியத் தொடங்கியது. போதாக்குறைக்கு உயர்த்திய புதிதில் வந்த சில கார்களில் வளைவில் கார் சரியாமல் பிடிக்கிற முன்பக்க ஆன்டி-ரோல் பாரையும் செலவு மிச்சம் பிடிக்கக் கழற்றிவிட்டார்கள், 1977 மொடலில்தான் முன்னும் பின்னும் பார் வந்து ஓரளவு சரியானது.

அதனால் றப்பர் பம்பர் கார் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றிவிட்டுப் பழைய குரோம் முகத்தைப் பூட்ட ஆசைப்படுவது உலகம் முழுக்க நடக்கிற காரியம்தான். அதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை, அவரவர் கார், அவரவர் காசு. நான் சொல்ல வருவது வேறு. பழைய பாணி உதிரிப்பாகம் எதுவும் தனியாள் இல்லை, அது தன் கூட்டத்தோடுதான் வரும். ஒன்றை மட்டும் பூட்டிவிட்டு மற்றதை விடுவது கல்யாணத்துக்கு மாமாவை மட்டும் கூப்பிட்டு மாமியை விட்டது மாதிரி, பிரச்சினை பிறகு வரும். படத்தில் இருந்த கார் அதைத்தான் செய்திருக்கிறது, நீங்களும் அதைப் பாராட்டி எழுதிவிட்டீர்கள், இனி அதைப் பார்த்து இரண்டு இளம் பிள்ளைகளாவது பம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு கராஜுக்குப் போவார்கள்.

பம்பரையே எடுங்கள். றப்பர் பம்பர் காரில் முன் சிக்னல் விளக்கு பம்பருக்குள் இருக்கிறது, குரோம் காரில் அது கிரில்லுக்குப் பக்கத்தில் மட்காட்டின் முகப்பில் இருக்கிறது. ஆகவே மட்காட்டின் முன்பகுதி மாறவேண்டும், கீழே வலன்ஸ் தகடு வேண்டும், கிரில் மாறவேண்டும், பின்பக்கமும் தகடு வேலை இருக்கிறது. இவ்வளவும் செய்து பெயின்ற் அடித்த பிறகு கார் இன்னும் உயர்ந்தே நிற்கும், ஏனென்றால் உயரம் பம்பரில் இல்லை, முன்பக்கக் குறுக்குத் தூணிலும் ஸ்பிரிங்கிலும் பின்பக்க வில்லுகளின் வளைவிலும் இருக்கிறது. அதையும் இறக்கினால்தான் வளைவில் பழைய கார் மாதிரி ஓடும். இறக்காமல் விட்டால் கண்ணுக்கு 1970, கைக்கு 1975.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கொழும்பில் அந்த உயரம் ஒரு வசதி. குரோம் பம்பர் எம்ஜிபி வைத்திருக்கிற யாரையாவது கேட்டுப்பாருங்கள், ஒழுங்கைக்கு ஒழுங்கை போட்டு வைத்திருக்கிற வேகத்தடையில் சைலன்சர் உரசுகிற சத்தம் அவர்களுக்குக் கனவிலும் கேட்கும். மழை பெய்தால் வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஒழுங்கைகளில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். கறுப்பு றப்பர் கடற்காற்றில் துருப்பிடிக்காது, குரோமோ இரண்டு பருவமழைக்குள் பொரியத் தொடங்கிவிடும். எனக்கு 1976 காரொன்று கிடைத்தால் பம்பரைத் தொடவே மாட்டேன், அந்தக் காசைக் கதவுக்குக் கீழே இருக்கிற சில் தகடுகளில் போடுவேன். அடியில் தனிச் சேஸிச் சட்டகம் இல்லாத இந்தக் காருக்கு அந்தத் தகடுகள்தான் முதுகெலும்பு, உள்ளிருந்து உக்கிப்போனால் வெளியே எந்த அழகும் உதவாது.

கம்பிச் சில்லுக்கு வருவோம், ஆசை எல்லாம் அதில்தான். சாதாரணத் தகட்டுச் சில்லு பூட்டிய எம்ஜிபியில் கம்பிச் சில்லு வேண்டும் என்றால், கம்பிச் சில்லுக்கென்றே செய்த பின் அச்சு அகலம் குறைந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ளவேண்டும். அச்சை மாற்றாமல் போல்ட்டில் பூட்டுகிற அடாப்டரைப் போட்டால் சில்லு வெளியே தள்ளி நின்று, இருவர் ஏறியவுடன் டயர் மட்காட்டின் உதட்டில் உரசும். அப்புறம் நடுவில் பூட்டுகிற அந்தக் காது வைத்த நட்டு. காரின் இடப்பக்கத்துக்கு வலப்புரி, வலப்பக்கத்துக்கு இடப்புரி, ஓடும்போது இறுகுவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள், மாற்றிப் பூட்டினால் ஓட ஓடக் கழன்றுவரும். புரியிலும் அங்குலத்துக்கு 8 என்று ஒன்று, 12 என்று ஒன்று, வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான். இரண்டு சுற்று ஏறிவிட்டதே என்று சுத்தியலால் தட்டி இறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். சில்லு வந்து உட்காருகிற ஹப்பில் இருக்கிற பல்லுகள் தேய்ந்திருந்தால் புதுச் சில்லு பூட்டியும் பயனில்லை, பிரேக் பிடிக்கும்போதும் பின்னால் எடுக்கும்போதும் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அதுதான் அடையாளம். கம்பி வழியாகக் காற்றுப் போகும் என்பதால் உள்ளே டியூப்பும் வேண்டும், டியூப்பைக் கம்பி குத்தாமல் றப்பர் பட்டியும் வேண்டும்.

இப்போது என் காரைப் பற்றி. 1969 கார், பிறப்பிலேயே குரோம் பம்பர், இன்னும் அந்தப் பழைய சிங்கள ஸ்ரீ எழுத்துப் போட்ட இலக்கத் தகடு. 1958 இல் அந்த எழுத்துக்கு எதிராகத் தார்ச்சட்டி தூக்கிய தலைமுறையைச் சேர்ந்த என் பெரியப்பா இருந்திருந்தால் அதை வீட்டு வாசலுக்கே விட்டிருக்கமாட்டார். அது தனிக்கதை. என்னிடம் வந்தபோது அதில் இரட்டைக் காபரேட்டர் இல்லை. 1970 களில் இறக்குமதி அடைத்துக் கிடந்த காலத்தில் யாரோ ஒரு ஒஸ்டின் கேம்பிறிட்ஜ் காரின் ஒற்றைக் காபரேட்டரையும் அதை என்ஜினோடு சேர்க்கிற மனிஃபோல்டையும் தூக்கிப் பூட்டியிருந்தார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்லமுடியாது. எம்ஜிபியின் 1798 சிசி என்ஜினும் அந்தக் காலத்துக் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் கார்களின் என்ஜினும் ஒரே பி-சீரிஸ் குடும்பம், தோட்டத்துத் துரைமாரின் கார்களும் டாக்சிகளும் ஒன்றுக்கொன்று உறுப்புத்தானம் செய்துதான் அந்தப் பஞ்சத்தைத் தாண்டின. கார் ஓடியது. ஆனால் காலி வீதியில் ஒரு பஸ்ஸை முந்தவேண்டும் என்றால் குலதெய்வத்தைக் கூப்பிடவேண்டும்.

பழையபடி இரண்டு எஸ்யூ காபரேட்டர் பூட்டவேண்டும் என்று பழைய உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போனேன். கடை நானா மண்ணெண்ணெய் நிரப்பிய ஒரு பேசினுக்குள் கையை விட்டு இரண்டை எடுத்து, "சேர், இது ஜோடிதான், கண்ண மூடிட்டுப் பூட்டுங்க" என்றார். உடம்பு இரண்டும் எச்எஸ்4, சரிதான். மேலே இருக்கிற மணி போன்ற அறையைக் கழற்றிப் பார்த்தால் ஒன்றின் ஸ்பிரிங்கில் சிவப்புப் பெயின்ற், மற்றதில் நீலம். எம்ஜிபிக்குச் சிவப்பு. உள்ளே இருக்கிற பிஸ்டனும் அந்த அறையும் தொழிற்சாலையில் ஒன்றுக்கொன்று அளவு பார்த்துச் சேர்த்தவை, ஒன்றின் பிஸ்டனை இன்னொன்றின் அறைக்குள் போட்டால் சிக்கும் அல்லது காற்றை விடும். பேசினுக்குள் எத்தனை கார்களின் பிஸ்டன்கள் கலந்து கிடந்தனவோ, அதனால் அங்கேயே நின்று சோதித்தேன். பிஸ்டனில் இருக்கிற துளைகளை அடைத்து, அறையைத் தலைகீழாகப் பிடித்து விட்டால் அது தானாக நழுவி இறங்க 5 முதல் 7 செக்கன் எடுக்கவேண்டும். நானா கொடுத்த முதல் சோடி பொத்தென்று விழுந்தது. பேசினை முழுக்கத் துழாவி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, கடைசியில் சரியான இரண்டு கிடைத்தன. நானாவும் இதைப் பார்த்துவிட்டு ஆர்வமாகி தேநீர் வரவழைத்துக் கூடவே நின்று எண்ணினார், அதையும் சொல்லவேண்டும்.

அதோடு முடியவில்லை. இந்த வயதில் எஸ்யூவில் தேய்வது, காற்றை விடுகிற 'திரோட்டில்' தட்டைத் திருப்பும் கம்பி செல்லும் துளை. கம்பியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆடும், அந்த இடைவெளியால் காற்று உள்ளே போய் ஐட்லிங் நிற்கவே நிற்காது, எவ்வளவு திருகினாலும். புதுக் கம்பி மட்டும் வாங்கிப் பூட்டினால் பாதிதான் தீரும், தேய்ந்தது அலுமினிய உடம்பு அல்லவா. ஆமர் வீதிப் பக்கம் ஒரு லேத் பாஸ், அதாவது கடைசல் வேலைக்காரர், இருக்கிறார். உடம்பை லேத்தில் பிடித்து, துளையைப் பெரிதாக்கி, வெண்கலப் புஷ் செய்து அடித்து, இரு பக்கமும் ஒரே நேர்கோட்டில் வரும்படி ரீமர் ஓட்டித் தருவார். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு மணி நேர வேலை. அந்த நேர்கோடு ஒரு மயிரிழை பிசகினால் திரோட்டில் தட்டு சுவரில் சிக்கிக் கார் வேகம் குறையாமல் நிற்கும், அதுவும் பம்பலப்பிட்டிச் சந்தியில் நினைத்துப் பாருங்கள்.

மனிஃபோல்ட் வந்தது, காபரேட்டர் வந்தது, அப்படியும் கூட்டம் முடியவில்லை. எக்ஸோஸ்டுக்கும் காபரேட்டருக்கும் நடுவே ஒரு வெப்பத் தடுப்புத் தகடு இருக்கவேண்டும், காபரேட்டருக்குப் பின்னால் சூடு கடத்தாத தடித்த வளையங்கள் இருக்கவேண்டும். இங்கிலாந்துக் குளிரில் அதை மறந்தாலும் சமாளிக்கலாம். நம் ஊரில் மத்தியான ட்ராஃபிக்கில் பெற்றோல் காபரேட்டருக்குள்ளேயே கொதித்து, பச்சை விளக்கு விழுந்த நேரம் பார்த்துக் கார் செத்துவிடும். பின்னால் நிற்கிற த்ரீவீலர்காரர்கள் சொல்கிறதை எல்லாம் பத்திரிகையில் எழுதமுடியாது.

புதிதாகச் செய்து பழைய பெட்டியில் அடைத்து விற்கிற பாகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிற ரோட்டர் ஆம் என்ற அந்தச் சின்னப் பொருள், முன்பு வருடக்கணக்கில் ஓடியது, இப்போது வருகிற மலிவுச் சரக்கில் பித்தளைத் தகட்டைப் பிடிக்கிற ஆணி நீளம் கூடி, தீப்பொறி பிளக்குக்குப் போகாமல் ஆணி வழியாக நடுத் தண்டுக்கு இறங்கிவிடுகிறது. கண்டென்சரும் அப்படித்தான், சூடானால் போயிற்று. இந்த இரண்டில் மட்டும், பழைய பாணி என்று நினைத்துப் புதுச் சரக்கை வாங்குவதை விட, உண்மையான பழைய சரக்கு பழைய கடைகளின் மூலையில் தூசியோடு கிடந்தால் அதையே எடுங்கள். தகட்டு வேலைக்கு இந்தப் பயம் குறைவு. பழைய அச்சுகள் இன்னும் இங்கிலாந்தில் பாவனையில் இருக்கின்றன, 1988 முதல் எம்ஜிபியின் முழு உடம்பையே புதிதாகச் செய்து விற்றார்கள்.

பழையதாக்கவே கூடாத இடங்களும் உண்டு, அதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. பிரேக் மாஸ்டர் சிலிண்டர் இரட்டைச் சுற்றாக இருந்தால் அப்படியே இருக்கட்டும். அந்தக் கால ஒற்றைச் சுற்றில் எங்கேயாவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சில்லிலும் பிரேக் இல்லை. அஸ்பெஸ்டஸ் லைனிங் தேடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அதன் தூளை மூச்சில் இழுப்பது கராஜ் பொடியன்தான், காரின் சொந்தக்காரர் இல்லை. இருக்கையில் தலை தாங்கி வந்த காரில் அதைக் கழற்றிவிட்டுப் பழைய தாழ்ந்த இருக்கை பூட்டுவது இன்னொரு பைத்தியம். இருக்கைப் பட்டியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

1967 இன் கடைசிக்கு முந்திய எம்ஜிபியில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கும், பிந்தியதில் நெகற்றிவ். பிந்திய காருக்கு, பற்றரிக்கு மின்சாரம் தருகிற பழைய டைனமோ வேண்டும் என்று கேட்டால் ரெகுலேட்டர் பெட்டியும் வேண்டும், வயரிங்கும் மாறவேண்டும், பிறகு ரேடியோவும் எலக்ட்ரோனிக் இக்னிஷனும் எந்த முனைக்குச் செய்தவை என்று பார்க்கவேண்டும். டைனமோ ஐட்லிங்கில் மின்சாரம் தராது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மழையில் வைப்பரும் விளக்கும் போட்டுக்கொண்டு மருதானையில் ஊர்ந்தால் பற்றரி இறங்கும். எனக்கு டைனமோவுக்குப் பதிலாக வந்த ஒல்டனேட்டரே போதும்.

ஆகவே உங்கள் நிருபருக்கு நான் சொல்லக்கூடியது, அடுத்த முறை பொனட்டைத் திறக்கச் சொல்லுங்கள். சேஸி இலக்கத்தைக் கேளுங்கள். ஜிஎச்என்3 என்று தொடங்கினால் 1967 வரையான திறந்த கார், ஜிஎச்என்4 என்றால் அதற்கு அடுத்த இரண்டு வருடம், ஜிஎச்என்5 என்றால் 1969 இன் கடைசியிலிருந்து வந்தது. அந்த இலக்கத்தை இங்கிலாந்தில் கேய்டனில் இருக்கிற பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிக் கட்டணம் கட்டினால் கார் எந்த நாள் செய்யப்பட்டது, என்ன நிறம், என்ஜின் இலக்கம் என்ன, எந்த நாட்டுக்கு அனுப்பினார்கள் என்று தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு எதைப் பூட்டலாம் எதைப் பூட்டக்கூடாது என்று முடிவு செய்வது எவ்வளவோ நல்லது. என்ஜினை மாற்றினால் நம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவிலும் மாற்றவேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள், விற்கும்போதுதான் தலையில் கை வைப்பார்கள்.

கார் சொந்தக்காரர்களின் படங்கள் போதும் என்று நினைக்கிறேன். 1934 இலிருந்து நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் நடந்த நாட்டில், இறக்குமதி அடைத்த காலம், 2020 இல் வாகனங்களே வராத காலம், 2022 இல் கியூஆர் காட்டிப் பெற்றோல் அடித்த காலம் எல்லாவற்றிலும் இந்தக் கார்களை உயிரோடு வைத்திருந்தது லேத் பாஸ்மார்தான். அவர்களின் பிள்ளைகள் இந்த வேலைக்கு வரவில்லை, வருகிறவர்களுக்கு ஹைபிரிட் பற்றரியில்தான் காசு. ஆமர் வீதி, கிராண்ட்பாஸ், பஞ்சிகாவத்தைப் பின் ஒழுங்கைகளுக்கு ஒரு நிருபரை அனுப்பி, எந்தப் பட்டறையில் என்ன வேலை நன்றாகச் செய்வார்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள், நானே கத்தரித்து வைப்பேன். வாசகர்களுக்கும் சொல்லுங்கள், பாஸிடம் போகும்போது பழைய பாகத்தைக் கழுவாமல் அப்படியே கொண்டுபோகட்டும். எந்தப் பக்கம் தேய்ந்தது, எங்கே ஒயில் கசிந்தது என்று அழுக்கைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06